கேசட்டில் இல்லாத பாட்டு

அரியமுத்துவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. பத்தொன்பது வருஷம் அவனுக்கு இடப்பக்கம் நின்று பம்பை அடித்தவன் நான். அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எல்லாம் எழுத உட்கார்ந்தால் இந்த நோட்டுப் போதாது. இருந்தாலும் அவன் கதையை வேறு யாராவது தப்பும் தவறுமாகச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரிக்காட்டுக்குள் இருக்கிற ஓர் ஊர். அங்கே இப்போது எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது, வம்பு வேண்டாம்.

அரியமுத்து உடுக்கைக்காரன். உடுக்கையை அடித்துக்கொண்டு சாமியைப் பாதத்திலிருந்து தலைவரை வர்ணித்துப் பாடுவான். பாட்டு ஏற ஏறக் கூட்டத்தில் யார் மேல் இறங்க வேண்டுமோ அவர் மேல் சாமி இறங்கும். குறி சொல்லி முடித்ததும் இன்னொரு பாட்டுப் பாடி அதை மலையேற்றி அனுப்புவான். அவன் தொழில் இவ்வளவுதான். மாதச் சம்பளம் கிடையாது, மானிய நிலம் கிடையாது, முதலாளி கிடையாது. ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவார்கள். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வீட்டில் இழவு விழுந்தாலும் அந்த நாளில் அங்கே நிற்க வேண்டும். சாமி வந்தால் கூலி. வராவிட்டால் கூலியும் இல்லை, சோறும் இல்லை, வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மாசி தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகத் திருவிழா. மற்ற மாதங்களில் திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர். அந்த இரண்டு நாள்தான் அங்கே கோயில் நடை திறக்கும். எங்கெங்கிருந்தோ குலதெய்வம் கும்பிட வருகிற குடும்பங்களில் ஒன்றிரண்டாவது எங்களைக் கூப்பிடும். மிச்சம் ஐந்து நாளும் அவன் கடலைக்கொல்லையில் களை வெட்டினான், நான் முந்திரிக்கொட்டை பொறுக்கினேன். இதற்குத்தான் ‘கலைஞர்கள்’ என்று திருவிழா நோட்டீசில் போட்டார்கள்.

அவனுக்கு அந்த உடுக்கை எப்படி வந்தது என்று கேட்டால் ஆத்தா கனவில் வந்து கொடுத்தாள் என்பான். சுத்தப் புளுகு. உடையார்பாளையத்தில் ஒரு குடிகாரனிடம் சீட்டாடி ஜெயித்தது. நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் குரல் மட்டும் அவனுடையது, அதை நான் மறுக்க மாட்டேன். அந்தக் குரல் எழும்பினால் கல்லாக நிற்கிறவனும் ஆடத் தொடங்குவான். குணம்தான் நாய்க்குணம். சாமி சீக்கிரம் வந்துவிட்டால், “பாட்டு அப்படி!” என்று மார் தட்டுவான். சாமி வரத் தாமதமானால் கூட்டத்துக்கு நடுவிலேயே என் பக்கம் திரும்பி, “டேய் கருப்பண்ணா, ஒழுங்கா அடிடா! பொணத்துக்கா அடிக்கிற?” என்பான். ஊரே சிரிக்கும். வருகிற கூலியில் அவனுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒன்று. கேட்டால், “ஒன் பம்பத் தோலு பேசுனா நீயும் ரெண்டு எடுத்துக்க” என்பான். வீட்டிலும் அவன் அப்படித்தான். அவன் பெண்டாட்டி வீராயி வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

நான் சொன்ன அந்த முந்திரிக்காட்டு ஊரில் வைகாசியில் செல்லியம்மன் திருவிழா. பட்டப்பகலில், பொங்கல் பொங்கி முடிந்ததும் சாமி அழைப்பார்கள். அங்கே ஆத்தா வருஷா வருஷம் இறங்குவது ரத்தினம்மாள் மேல்தான். ஊர்ப் பெரியதனக்காரர் நல்லுசாமிக்கு அக்காள், இளம் வயதிலேயே தாலியறுத்தவர், அறுபது வயசு இருக்கும். அவருக்கு இழுப்பு நோய். நாலு படி ஏறினாலே நெஞ்சு விசில் அடிக்கும். ஆத்தா இறங்கினால் மட்டும் அந்த உடம்பு எங்கிருந்தோ பலம் எடுத்துக்கொண்டு ஆடும்.

அரியமுத்து அந்த அம்மாவுக்குப் பாடும்போது முகத்தைப் பார்க்க மாட்டான், நெஞ்சுக்குழியைத்தான் பார்ப்பான். குழி உள்வாங்கத் தொடங்கியதும் குறி சொல்லி முடிகிறதோ இல்லையோ, மலையேற்றுகிற பாட்டுக்குத் தாவிவிடுவான். எனக்குக் கண்ணால் சாடை காட்டுவான், நான் பம்பையைத் தணிப்பேன். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவனிடம் நான் பார்த்த ஒரே நல்ல காரியம் இதுதான். வேறு எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எண்பத்திரண்டாம் வருஷத் திருவிழாவில் வினை தொடங்கியது. ஆத்தா மலையேறிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு எப்போதும் வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம், இலையில் கொட்டிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அரியமுத்து நேராகப் பந்தலுக்குள் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். இலை போட்டுக்கொண்டு வந்தவன் திகைத்து நின்றான். நல்லுசாமி ஓடி வந்தார்.

“டேய், யார்ரா ஒன்ன இங்க ஒக்கார சொன்னது?”

“ஒங்க ஆத்தாவ கூப்புட நான் வேணும், கூட ஒக்காந்து சோறு திங்க மட்டும் வேணாமாங்க?”

“எந்திரிடா நாயே! உடுக்கக்காரனுக்குப் பந்தி கேக்குதா?”

நாலு பேர் சேர்ந்து தூக்கி வெளியே விட்டார்கள். அவன் உடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பிடாமலே நடந்தான். என்னையும் சாப்பிட விடவில்லை. ஏழு மைல் பசியோடு அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பந்தியில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் போன சோறுதான்.

இதற்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. ஜெயங்கொண்டத்தில் மைக் செட் வைத்திருந்த சிங்காரவேலு, லப்பைக்குடிக்காட்டில் அரபு நாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினான். நல்ல பெரிய பெட்டி. அதில் பாடச் சொல்லி அரியமுத்துவைக் கூப்பிட்டான். “ஒங்க கொரல நீங்களே கேக்க வேணாமாண்ணே?” என்றதும் இவன் உச்சி குளிர்ந்துபோனான். சிங்காரவேலு கொட்டகையில் உட்கார்ந்து அரியமுத்து பாடினான், நானும் அடித்தேன். திரும்பப் போட்டுக் கேட்டபோது, “யார்ரா இவன், மூக்கால பாடுறான்?” என்று அதற்கும் கோபம் வந்தது. பிறகு மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டான்.

வர்ணிப்புப் பாட்டு முழுவதையும் பாடினான். முடிந்ததும் உடுக்கையைக் கீழே வைத்துவிட்டான். மலையேற்றுகிற பாட்டைச் சிங்காரவேலு கேட்கவும் இல்லை, அப்படி ஒன்று தனியாக இருப்பது அவனுக்குத் தெரியவும் தெரியாது. சாமி இறங்காத இடத்தில் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. வராதவளைப் போ என்று சொன்னால் அப்புறம் வரவே மாட்டாள் என்பது எங்கள் தொழிலில் பெரிய கட்டுப்பாடு. ஆக, கேசட்டில் கூப்பிடுகிற பாட்டு மட்டும்தான் இருந்தது. மறுபக்கம் வெறும் பக்கம். இது எனக்கு நன்றாகத் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் நானும் யோக்கியன் இல்லை.

சிங்காரவேலு அதைப் பிரதி எடுத்து ஊர் ஊராக விற்றான். முதலில் கஞ்சி காய்ச்சும்போது போட்டார்கள், பூச்சொரிதலுக்குப் போட்டார்கள். எங்களுக்கு வருகிற வெற்றிலை குறைந்தது. அரியமுத்து அலட்டிக்கொள்ளவில்லை. “பொட்டி பாடுனா ஆத்தா வந்துருவாளா? போங்கடா!” என்றான். சாமி அழைப்புக்கு அதை வைக்க எந்த ஊரும் துணியவில்லை என்பது உண்மைதான்.

நல்லுசாமி துணிந்தார். எண்பத்துமூன்று வைகாசிக்கு ஊர்க்கூட்டத்தில் சிங்காரவேலுவின் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் தலையில் வெற்றிலை பாக்கை வைத்தார். “இதுக்குப் பந்தி வேணாம், பாரு” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருந்தது. பெட்டியோடு கூட அடிக்க ஒரு பம்பை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெற்றிலையை இரண்டு கையும் நீட்டி வாங்கினேன். முழுக் கூலியும் எனக்கே. பத்தொன்பது வருஷம் பட்டதற்கு இப்போதாவது விடிந்ததே என்று இருந்தது.

மலையேற்றுகிற பாட்டுக்கு என்ன செய்வாய் என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். நானே பாடிவிடுவது! அத்தனை வருஷம் காதுக்குப் பக்கத்தில் கேட்ட பாட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் தெரியும். அன்றைக்கு ஊர் முன்னால் பாடிக் காட்டிவிட்டால் அடுத்த வருஷம் உடுக்கையும் நானே எடுத்துவிடலாம். இந்த ஆசையில்தான் கேசட்டில் பாதிப் பாட்டு இல்லை என்பதை நல்லுசாமியிடம் வாய் திறந்து சொல்லவில்லை.

திருவிழா அன்று சரியான வெயில். சிங்காரவேலு பொத்தானை அமுக்கினான். நாலு மூலைக் குழாயிலும் அரியமுத்துவின் குரல் எழும்பியது. “வந்த வழி பாத்து வா தாயே, வாச தெளிச்சிருக்கோம்.” நான் அடித்தேன். பெட்டி என்னைத் திட்டவில்லை, நிம்மதியாக இருந்தது. பாட்டு பாதி தாண்டியதும் ரத்தினம்மாள் தலைமயிர் அவிழ்ந்தது, இரண்டு கையும் மேலே போயின. ஆத்தா இறங்கிவிட்டாள். ஊர் குலவையிட்டது. நல்லுசாமி மீசையைத் தடவிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

அந்த அம்மா நெஞ்சுக்குழி உள்வாங்கத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. பெட்டிக்குத் தெரியவில்லை. அது இன்னும் வேகமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவும் அதற்கு ஈடாக ஆடிக்கொண்டே இருந்தார். சிங்காரவேலுவைப் பார்த்து நிறுத்து என்று கை காட்டினேன். அவன் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறேன் என்று நினைத்துக் கூட்டினான். கடைசியில் கேசட் தீர்ந்து டக்கென்று நின்றது. ரத்தினம்மாள் நிற்கவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மலையேற்றுகிற பாட்டை எடுத்தேன். இரண்டு வரி பாடியிருப்பேன். அந்த அம்மா என் முன்னால் வந்து நின்று என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். பம்பையோடு மல்லாக்க விழுந்தேன்.

“யார்ரா நீ? கூப்புட்டவன் எங்க? கூப்புட்டவன வரச் சொல்லு!”

விபூதி அடித்தார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ஆட்டம் நிற்கவில்லை. மூச்சு மட்டும் கிழிகிற துணி மாதிரிச் சத்தம் போட்டது. உதடு கறுத்துவிட்டது. ஆத்தா இறங்கியிருக்கும்போது பிடித்து உட்கார வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அந்த உடம்பு விழுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், அரியமுத்து ரோட்டு மதகில் உட்கார்ந்திருக்கிறான் என்று.

ஓடினேன். கும்பகோணம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் போல மதகில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். மடியில் உடுக்கை. ஊர்க் குழாய்ச் சத்தம் அங்கே கணீரென்று கேட்கும். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறான், சாமி வராமல் நல்லுசாமி மூக்கு அறுபடுவதைப் பார்க்க.

“எந்திரிண்ணே, ஆத்தா எறங்கிட்டா, மலையேற மாட்டேங்குறா.”

“கேசட்ட திருப்பிப் போடச் சொல்லு.”

“அந்தப் பக்கம் ஒன்னும் இல்லண்ணே.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமாய்யா ஒக்காந்திருக்க? அந்தம்மா செத்துரும்யா!”

“நீ தெரியாமயாடா அடிச்ச?” என்று என் மூஞ்சியில் புகையை விட்டான். “வெத்தல எனக்கா வச்சாங்க? பொட்டிக்குதான வச்சாங்க. நல்லுசாமி வரட்டும். அவரு கையால வெத்தல கொண்டாந்து குடுக்கட்டும். வரேன்.”

அவன் காலில் விழுந்தேன். எட்டி உதைத்தான். திரும்ப ஓடிப் போய் நல்லுசாமியிடம் சொன்னேன். “அந்த நாய்கிட்ட நான் போவணுமா?” என்று என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அங்கே ரத்தினம்மாள் தள்ளாடிக்கொண்டே ஆடினார், வாயில் நுரை. இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் அந்தக் கிழவி மூச்சு ஊசலாடியது. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட மனுஷர்கள்! இவருக்கு மீசை, அவனுக்கு வெற்றிலை. நடுவில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது, எனக்கு உடுக்கை!

நல்லுசாமி போனார். எப்போது மனசு மாறினார் என்று தெரியாது. வெற்றிலையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு இல்லாமல் தார் ரோட்டில் நடந்தார். மதகில் அதை நீட்டினார். அரியமுத்து வாங்கி மடியில் செருகிக்கொண்டு எழுந்தான். இத்தனைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பந்தலுக்குள் வந்து ரத்தினம்மாளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். உடுக்கையை எடுத்தான். “வெயில் தாழ்ந்து போச்சு தாயே, வூடு பாத்துப் போயி வா.” நெஞ்சுக்குழியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குச் சாடை காட்டினான், தணித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த அம்மாவின் கை இறங்கியது. முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்தார். ஆத்தா போய்விட்டாள். அங்கே ஒரு நோயாளிக் கிழவி உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். பெட்டி, வெற்றிலை, மதகு எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை. ஆட்டத்துக்குள் அவர் கேட்டது அரியமுத்துவின் குரலை மட்டும்தான். எதிரில் உடுக்கையோடு நின்றவனைப் பார்த்தார்.

“ஏன்டா அரியமுத்து, கூப்புட்டுப்புட்டு எங்கடா போயிட்ட? எவ்ளோ நேரம்டா ஒன்னத் தேடுறது?”

எதற்கும் எதிர்வாய் பேசுகிறவன் அவன். அன்றைக்கு மடியில் இருந்த வெற்றிலையை எடுத்து அங்கேயே மண்ணில் வைத்துவிட்டு நடந்தான். “இனி இந்த எல்லயில கால வச்ச, வெட்டிப்புடுவேன்!” என்று நல்லுசாமி பின்னால் கத்தினார். என்னையும் அதே மூச்சில் திட்டித்தான் துரத்தினார்.

எட்டு நாள் கழித்து ஒரு காலையில் அரியமுத்து என் வீட்டு வாசலில் நின்றான். “பம்பய எடுத்துக்கிட்டு வாடா” என்றான். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது. நேராகச் சிங்காரவேலு கொட்டகைக்குப் போனோம்.

“அந்தப் பக்கத்தப் போடு. மலையேத்துற பாட்டு பாடித் தரேன்.”

“அண்ணே, எவ்ளோ கேக்குறீங்க?” என்றான் சிங்காரவேலு.

“மூடிக்கிட்டுப் போடுடா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யோவ், சாமி எறங்காத எடத்துல அத பாடக் கூடாதுய்யா! இதையும் குடுத்துட்டா நாளைக்கு எவன்யா நம்மளக் கூப்புடுவான்?” என்று கத்தினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிங்காரவேலுவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினான். எந்த அம்மா ஆடினாலும் மூஞ்சியைப் பார்க்காதே, நெஞ்சுக்குழியைப் பார். குழி உள்ளே போனால் பாட்டு எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்து, திருப்பிப் போடு. பத்தொன்பது வருஷம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்ததை அந்த மைக் செட்டுக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

பிறகு பாடினான். ஆத்தாவும் இல்லை, ஆடுகிறவரும் இல்லை, தகரக் கொட்டகையில் நாங்கள் மூன்றே பேர். நான் அழுதுகொண்டே ஆத்திரத்தோடு பம்பையை வெளுத்தேன். பாதிப் பாட்டில் நிறுத்தி என்னைத் திட்டினான். மறுபடி எடுத்துப் பாடி முடித்தான். பத்து நிமிஷத்தில் அவன் பிழைப்பும் போயிற்று, என் பிழைப்பும் போயிற்று.

அதன்பின் எங்களுக்கு யாரும் வெற்றிலை வைக்கவில்லை. சிறுவாச்சூருக்குக்கூடக் கையில் பெட்டியோடு வந்தார்கள். அரியமுத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போனான். உடுக்கையை வீராயி அரிசி டின்னுக்கு மூடியாக வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் முந்திரி வியாபாரியிடம் மூட்டை தூக்கினேன். ரத்தினம்மாள் இன்னும் ஆறு வருஷம் இருந்தார். ஆறு வருஷமும் ஆத்தா கேசட்டில் வந்து, கேசட்டில் சொன்ன நேரத்துக்குப் போனாள்.

நான் அவனோடு இன்றைக்கும் பேசுவதில்லை. எதிரில் வந்தால் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவான், நான் காறித் துப்பிவிட்டுப் போவேன். கேட்காமலே என் சோற்றிலும் மண் அள்ளிப் போட்டவனை எப்படி மன்னிப்பது?

ஆனால் ஒன்று. பாதிப் பாட்டில் நிறுத்தி என்னைத் திட்டினான் என்றேனே, அதைச் சிங்காரவேலு வெட்டாமல் விட்டுவிட்டான். அத்தனை பிரதியிலும் அது இருக்கிறது. வைகாசி வந்தால் சம்பந்தி ஊர்க் குழாயில் ஊருக்கே கேட்கிறது. உடுக்கை சட்டென்று நிற்கும், அவன் குரல் வரும்: “டேய், மெல்ல அடிடா! ரத்தினம்மா நெஞ்சு தாங்காது.”